பதினோரு நிமிடம் தாமதம்

அலாரம் அலறியது!

அப்போது என் கணவர் ஞானதுரை இறந்து பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

குத்துக்கல்வலசை கோல்டு ஸ்டோரேஜில் அவர் ஆபரேட்டர். நான் அங்கேயே கம்ப்யூட்டர் செக்‌ஷன். குற்றாலத்து ரம்புட்டான் கெடாமலிருக்க குளிரூட்டியில் ஓடும் அமோனியா விஷவாயு, பட்டப்பகலில் வால்வு உடைந்து கொட்டிவிட்டது.

இன்ஸ்பெக்டர் விஜய்பாண்டி பேனாவைத் திறந்தார்.

"அலாரம் அடிச்சும் ஆபரேட்டர் தூங்கிட்டாரு. அப்படித்தானம்மா?"

"அவரு தூங்கல சார்! அலாரம்தான் தூங்கிச்சு!"

"ஓனர் சேர்மராஜ் அப்படிச் சொல்லலியே..."

"எப்படிச் சொல்லுவாரு? வால்வை மாத்தலைன்னா புகார் குடுப்பேன்னு இவரு போன வாரம்தான் அவருகிட்ட சண்டை போட்டாரு!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். சர்வரைப் பராமரிக்கும் ரிஃபாத், திரையை முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்னத்தக் கண்ட?"

"சார், இருக்கது ஒரே சர்வர். நாலு பிராசஸர். அதைப் பங்கு போட்டு மூணு வர்ச்சுவல் மெஷின் ஓடுது. பில்லு, கேமரா, கேஸ் கசிஞ்சா அடிக்கிற அலாரம். அலாரத்துக்கு ஒண்ணுதான் வச்சிருந்தேன். முந்தாநாள் யாரோ மாத்திருக்காங்க."

"புடுங்கிட்டானா?"

"இல்ல சார்... நாலையும் குடுத்துருக்காங்க!"

"கூட்டித்தானலே குடுத்துருக்கு? வேகமால்லா ஓடணும்!"

"எங்க கல்யாணத்துல சஹன் சாப்பாடு பாத்துருக்கியளா? ஒரே தட்டைச் சுத்தி நாலு பேரு. நாலு பேரும் உக்காந்தாத்தான் கை வைக்கணும். ஒருத்தன் வரலைன்னா மத்தவன் சோத்தைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இந்தப் பழைய சர்வரும் அப்படித்தான். நாலும் ஒண்ணா சும்மா இருந்தாத்தான் அலாரம் ஓடும். சீசன் நேரத்துல கேமராவும் பில்லும் விடணுமே!"

"யாரு லாகின்ல மாத்துனது?"

ரிஃபாத் தரையைப் பார்த்தான்.

"பெர்சிஸ் அக்கா லாகின் சார்."

அந்தப் பெர்சிஸ் நான். இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றேன்.

"நான்தான் சார்... ஓனர் சொன்னாரு. 'ஒம் வீட்டுக்காரர் உசுரும்மா... அலாரத்துக்கு நாலையும் குடுத்துரு'ன்னு. எவ்வளவு நல்ல மனுசன்னு ஓடிப்போய்க் குடுத்தேன்!"

ரிஃபாத்தின் முகம் வெளுத்தது.

"அக்கா... ஒண்ணுக்கு மேல குடுத்தா அலாரம் நின்னு நின்னு ஓடும்னு போன மாசமே ஓனர்கிட்ட சொல்லிட்டேனே!"

"எழுதிக் குடுத்தியாலே?"

"வாயாலதான் சார்..."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"கேட்டா, நல்லதுக்குத்தான் சொன்னேம்பான். நிறையக் குடுக்கச் சொன்னதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போட?"

முதலில் எழுதியிருந்த 'தூங்கிவிட்டார்' என்ற வார்த்தையை அடித்தார். பேனா தயங்கியது.

"ஒம் புருசன் பேரு பொழைச்சுட்டும்மா... ஆனா அந்த இடத்துல இப்ப ஒம் பேரைல்லா எழுதணும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எழுதுங்க சார். பெர்சிஸ். மொத எழுத்துல எனக்கு ஒத்தைக் கொம்புதான்... ரெட்டைக் கொம்பு சேர்மராஜுக்கு!"