பேச்சு நிமிடம்

காலை எட்டு மணிக்குப் பணிமனை திறக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டிகள் ஆதிரைக்கு எழுதத் தொடங்கிவிடும். முன்சக்கரத்தில் நடுக்கம், மின்கலம் சூடேறுகிறது, இடப்பக்கக் கதவு ஒட்டிக்கொள்கிறது என்று ஒவ்வொன்றும் தன் குறையைத் தானே மனுவாக அனுப்பும். பொள்ளாச்சி வட்டாரத்தில் ஓடிய ஆறாயிரத்துச் சொச்சம் மின்வண்டிகளுக்கும் அந்த உரிமை இருந்தது. உரிமையாளரை யாரும் கேட்பதில்லை. ‘உங்கள் வண்டி நாளைப் பத்தரை மணிக்கு எங்களிடம் வர விரும்புகிறது’ என்று தகவல் மட்டும் போகும்.

நேரம் குறிப்பதும், பழுது முடியும்வரை ஓட்ட இரவல் வண்டி ஒதுக்குவதும் ஆதிரையின் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நெகமத்துக்காரர்கள் அஷ்டமி நவமியில் புது வண்டியை வாசலுக்குள் விடமாட்டார்கள். இரண்டு நாள் இரவல்தானே என்றாலும் கேட்கமாட்டார்கள். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் ஒருவருக்கு வெள்ளை வண்டி ஆகாது. போன வாரம் ஒரு பல் மருத்துவர், தனக்குத் தந்த இரவல் வண்டி பேக்கரியைக் கண்டாலே மெதுவாகப் போகிறது என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அவருக்கு முன்னால் அதை ஓட்டியவரின் பழக்கம் முழுதாக அழிந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதர்களையும் வண்டிகளையும் பொருத்திப் பார்ப்பது ஆதிரைக்குப் பிடித்திருந்தது.

அன்று புதன்கிழமை. பதினோராவதாக வந்த மனுவில் மூன்றே சொற்கள் இருந்தன. உரிமையாளர் குரல் கேட்கவில்லை.

அனுப்பிய வண்டி செழியனுடையது. ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தோப்பு வீட்டில் தனியாகக் குடியிருப்பவர். தென்னையைப் பிடிக்கும் வெள்ளை ஈயை ஒழிக்க, எள்ளைவிடச் சிறிய குளவிகளைப் பெட்டிகளில் அடைத்துத் தோப்புத் தோப்பாகக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. இந்த மூன்று சொற்களை அவருடைய வண்டி அனுப்புவது ஐந்து மாதத்தில் இது ஐந்தாவது முறை.

ஆதிரை எழுந்து பழுதுக் கூடத்துக்குப் போனாள். மூத்த மெக்கானிக் தர்ஷன் ஒரு சக்கரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் அவர் பேச்சு நிற்பதில்லை.

“அண்ணா, தோப்புக்காரர் வண்டி மறுபடியும் மனு போட்டிருக்கு.”

“மைக்கை நாலு தடவை கழட்டி மாட்டியாச்சு அம்மிணி. கொசு பறந்தாக்கூட அதுக்குக் கேக்குது. நாலு தடவையும் குறை இல்லைன்னுதான் எழுதினேன். நாம எழுதிக் கையெழுத்துப் போட்டா ஒரு மாசம் நம்புது. அப்பறம் அதே பாட்டு.”

“இன்னிக்கும் குறை இல்லைன்னு எழுதுனா?”

தர்ஷன் கையைத் துடைத்துக்கொண்டார். “அஞ்சு தடவை குறை இல்லைன்னு வந்தா, வண்டி பொய் சொல்லுதுன்னு கணக்கு. பொய் சொல்ற வண்டியை ரோட்டுல விடமாட்டாங்க. சாயங்காலம் பிரிப்புக்கூடத்து லாரி வந்து ஏத்திட்டுப் போயிரும். அக்கக்காப் பிரிச்சுப் போட்டுருவாங்க.”

புது வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டிய காலம் இரண்டு வருடம். வண்டி இல்லாதவரை வேளாண் துறை தோப்பு வேலையில் வைத்திருக்காது.

பத்தரை மணிக்குச் செழியன் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கருத்த முகத்தில் எப்போதும் பாதிச் சிரிப்பு. தன் வண்டியைக் கூடத்தில் விட்டுவிட்டு, பழகியவர்போல நேராக இரவல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆதிரை பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் வண்டியோடு யாரும் பேசுவதில்லை. கண்ணாடியில் தெரியும் ஊர்ப்பெயரைப் பார்த்தால் போதும், வண்டி புறப்படும். கடையும் வங்கியும் வீட்டுக் கதவும் அப்படித்தான். வாயைத் திறக்காமல் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம், பலரும் ஓட்டினார்கள், யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் சட்டம் குரலைக் கேட்டது. ஆபத்தில் உரிமையாளர் ‘நில்’ என்றால் வண்டி நின்றாக வேண்டும். அதற்கு அவர் குரல் வண்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதி வைத்ததைப் படிக்கும் குரல் செல்லாது, பதறும்போது யாரும் அந்தக் குரலில் கத்துவதில்லை. ஆகவே புதிதாக ஒரு வண்டியை வாங்குகிறவரோடு பணிமனை ஆள் ஒருவர் உட்கார்ந்து, இருபது நிமிடம் ஊர் சுற்றிப் பேச்சுக் கொடுக்க வேண்டும். அதற்கு அறிமுகச் சுற்று என்று பெயர். இரவல் வண்டிக்கும் அதே விதி.

“இதுக்கு என்னங் குறை?” என்று கேட்டார் செழியன்.

“பேக்கரியக் கண்டா மெதுவாப் போகும். மத்தபடி நல்ல வண்டிங்கண்ணா.”

“போகட்டுங். எங்க பக்கம் பேக்கரியே இல்லீங்.”

வண்டி அம்பராம்பாளையம் சாலையில் திரும்பியது. ஆதிரை சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். லாரி, பிரிப்புக்கூடம், மாலை ஐந்து மணி.

“அப்ப கோயமுத்தூர் ஆபீசுல மேசை போட்டு உக்கார வெச்சுருவாங்க” என்றார் செழியன். “நாப்பது தோப்புங். எந்த மரத்துல எத்தனை மட்டை வெளுத்திருக்கு, எதுல குளவி பிடிச்சிருக்கு, எல்லாம் தலைக்குள்ள இருக்குதுங். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துத்தான் பெட்டியத் திறக்கோணும். இதையெல்லாம் மேசையில உக்காந்து என்னங் பண்றது.” அவர் நிறுத்தவில்லை. குளவி பற்றி, காற்று பற்றி, தோப்புக்கு வரும் மயில் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது நிமிடத்தில் முன்பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. குரல் பழகிவிட்டது.

“பாருங்” என்றார் செழியன். “இந்த வண்டிக்குப் பன்னண்டு நிமிசத்துல நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. எட்டு வருசமா என்கூட இருக்கற வண்டிக்குத் தெரியலீங்.”

ஆதிரை பச்சை விளக்கையே பார்த்தாள். “அண்ணா, உங்க வண்டியில நீங்க கடைசியா எப்பப் பேசுனீங்க?”

“வண்டிகிட்டயா? அதுகிட்டப் பேச என்னங் இருக்கு. பாத்தாப் போகுது.”

“வண்டிகிட்ட இல்லீங். வண்டிக்குள்ள. யாருகிட்டயாச்சும்.”

செழியன் யோசித்தார். “போன மாசம் உங்ககிட்டப் பேசுனனுங்.”

“அது இரவல் வண்டிங்.”

“ஆமாங். அப்ப அதுக்கு முந்துன மாசம்…” என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். “அதுவும் இரவல் வண்டிதானுங்.”

“அதுக்கும் முந்தி?”

“கூட ஒரு பையன் வேலை பாத்தானுங். நாள் முச்சூடும் வழவழன்னு பேசுவான். தேனிக்கு மாத்திட்டாங்க. அது ஆச்சு ஆறு மாசம்.”

ஆதிரை கண்ணாடியில் பணிமனையின் பெயரைப் பார்த்தாள். வண்டி திரும்பியது.

என்ன பேசினார்கள் என்பதை வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. உரிமையாளர் எத்தனை நிமிடம் பேசினார் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும். யாரும் திறந்து பார்க்காத அந்தப் பக்கத்தைச் செழியனின் வண்டியில் தர்ஷன் திறந்தார். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளுக்கு நேரேயும் சுழியம்.

“காது நல்லாத்தான் இருந்திருக்கு” என்றார் அவர் மெதுவாக. “கேக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை. நான் பாரு, மைக்கைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தேன்.”

“காரணம் தெரிஞ்சுபோச்சே. எழுதிரலாமாங்கண்ணா?”

“குறை இல்லைன்னாக் கையெழுத்துப் போதும் அம்மிணி, குறை இருக்குன்னா சரி பண்ணிக் காட்டோணும். அவரு குரலு இந்த வண்டிக்கு விழுந்தாத்தான் மனு மூடும்.”

செழியன் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்தாள். தர்ஷன் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று முன் மயிலைப் பற்றி அவ்வளவு சொன்ன மனிதருக்கு இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

“என்னத்தப் பேசறதுங்.”

“எதையாச்சும் பேசுங்கண்ணா. மயிலச் சொல்லுங்க.”

“அதைத்தான் சொல்லிட்டனுங்களே.”

பையிலிருந்து துறையின் சுற்றறிக்கையை எடுத்து உரக்கப் படித்தார். வண்டி அதைச் சட்டை செய்யவில்லை. மடித்து வைத்துவிட்டு ஆதிரையைப் பார்த்தார். முகத்தில் அந்தப் பாதிச் சிரிப்பு இல்லை. எட்டு வருடம் காலையும் மாலையும் அவர் உட்கார்ந்த இருக்கை அது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

“எனக்கு ஒண்ணு புரியலை” என்றார் தர்ஷன். “வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெயக் கலக்கி நாலு தெளி தெளிச்சா முடிஞ்சுது. இதுக்குப் போயி ஒரு ஆபீசரு, ஒரு வண்டி, பெட்டி பெட்டியாக் குளவி. கவருமெண்டுக்கு வேற வேலை இல்லை.”

செழியனின் தலை சட்டென்று திரும்பியது. “யாருங் சொன்னது? எண்பதடி மரத்துல மட்டைக்கு அடியில போயி ஒக்காந்திருக்குமுங் ஈ. உங்க தெளி அங்க எட்டுமாங்? கீழ நிக்கறவன் தலையிலதான் விழுகும்.”

“எங்க மாமனாரு அடிச்சாரே.”

“அடிச்சு?”

“போச்சுங்கறாரு.”

“அது மழைக்குப் போயிருக்குமுங். மழை பேஞ்சா ஈ தானாக் குறையும். உங்க மாமனாரு எண்ணெய்க்காரனுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்காரு. தெளிச்சதுல குளவிதான் செத்திருக்கும். எந்த ஊருங் அவரு தோப்பு? நான் வந்து காட்டறேன்.”

“கோட்டூருப் பக்கம். வந்து என்னத்தக் காட்டுவீங்க?”

செழியன் காட்டத் தொடங்கினார், இரண்டு கைகளாலும். ஆதிரை அவர் கைகளுக்கு இடம்விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள். மட்டையின் அடிப்பக்கம், முட்டை வளையம், குளவி துளைத்த கருப்புப் புள்ளி எல்லாம் வந்தன. தர்ஷன் விடாமல் குறுக்கே பேசினார். ஒன்பதாவது நிமிடத்தில் முன்பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. அதை ஆதிரை மட்டும்தான் பார்த்தாள். அவர்கள் இருவரும் இன்னும் மாமனாரை விடவில்லை.

தன் மேசைக்கு வந்து படிவத்தைத் திறந்தாள். குறைக்கான காரணம் என்ற இடத்தில் இருந்த நாற்பது காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை. ‘பிற’ என்பதில், ‘வண்டியில் பேசத் துணை இல்லை’ என்று எழுதினாள். படிவம் அடுத்ததைக் கேட்டது. மாற்றிய உதிரிபாகம்? வெற்றாக விட்டால் மூடமாட்டேன் என்றது.

“அண்ணா, என்னன்னு போடறது?” என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

தர்ஷன் வாதத்தை ஒரு கணம் நிறுத்தினார். “ஒரு ஆளுன்னு போடு.”

போட்டாள். எண்ணிக்கை ஒன்று. படிவம் சற்று யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. லாரிக்குப் போட்டு வைத்திருந்த நேரம் தானாக அழிந்தது.

செழியன் வந்து கையெழுத்திட்டார். போகத் திரும்பியவர், நின்று, “ஒரு மாசத்துல மறுபடியும் அதுக்குக் கேக்காமப் போகுமுங்களா?” என்றார்.

“நீங்க பேசாட்டிப் போகுமுங்கண்ணா.”

தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். வாயிலருகே வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகத் தர்ஷன் வெயிலில் நடந்து போய்க்கொண்டிருந்தார். வேறொருவர் வண்டியில் ஏறும் வழக்கம் போய் வருடக்கணக்காயிற்று. எப்படிக் கேட்பது என்று செழியனுக்குத் தெரியவில்லை என்பது ஆதிரையின் மேசையிலிருந்தே தெரிந்தது.

“எந்தப் பக்கமுங் போறீங்க?”

“கோட்டூரு ரோடுதான்.”

“ஏறுங்க. எனக்கு அதே வழிதானுங்.”

சரிபார்த்த வண்டியை ஒரு நாள் கவனிக்கும் உரிமை பணிமனைக்கு உண்டு. ஆதிரையின் திரையில் செழியனின் பேச்சு நிமிடம் பதினான்கில் நின்றது. வண்டி வாயிலைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டியது, எண் அசையவில்லை. தர்ஷன் பக்கத்தில் இருக்கும்போது இன்னொருவர் பேச இடம் பிடிப்பது லேசான காரியமில்லை. அவள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் திரையைப் பார்த்தாள்.

மரப்பேட்டை தாண்டியதும் எண் பதினைந்தானது. கொஞ்ச நேரத்தில் பதினாறு.