ஒன்பது மஞ்சள் மணிகள்

ஹெல்வி வைத்தது ஒன்பது. மரத்தடியில் கிடந்ததோ பதினேழு.

மறுபடி எண்ணினாள். பதினேழுதான். பாசியின் மேல் அட்சதை போலச் சிதறிய மஞ்சள் மணிகள். பறக்கும் அணிலின் எச்சம். அந்த அணிலைக் கண்ணால் பார்த்தவர்கள் கைனூ வட்டாரத்திலேயே குறைவு. அதனால் வசந்தம் வந்ததும் ஆர்வலர்கள் மரம் மரமாக முட்டிபோட்டு அடியில்தான் தேடுவார்கள், அண்ணாந்து பார்ப்பதில்லை. கீழே மணி கிடந்தால் மேலே அது குடியிருக்கிறது, அவ்வளவுதான். படமெடுத்துப் பதிவேற்றிவிட்டால் அங்கே சட்டப்படி கோடரி விழாது.

இந்த ஏரிக்கரைக் காட்டில் அணிலே இல்லை. நான்கு வருடம் தேடி ஓய்ந்துவிட்டாள். ஜூனில் வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று, அக்கரைக் காட்டிலிருந்து தீப்பெட்டியில் ஒன்பது மணிகளைக் கொண்டுவந்து இந்த ஆஸ்பென் மரத்தடியில் வைத்து, தன் பெயரில் பதிவேற்றினாள். தப்புதான், செய்துவிட்டாள். திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்த்தால் காடு பிழைத்துக்கொள்ளும்.

"அடேங்கப்பா!" என்றான் கூட வந்திருந்த என்சியோ. பக்கத்து வீட்டுக்காரன், அவளைப் போலவே பதிவு செய்கிறவன். "நாலு வருஷமா இந்தப் பய நமக்குத் தண்ணி காட்டியிருக்கான் பாரேன்."

"ம்."

"என்ன ம்? காட்டையே காப்பாத்திட்டு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

சிரித்துக்கொண்டே அடுத்த மரத்தடியில் குனிந்தான். சிரிப்பு நின்றது.

"ஹெல்வி, இங்க வா. இது மொச்சைக்கொட்டை அளவுல இருக்கு. எந்த அணில் இப்படிப் போடும்?"

நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் காடு போய்விடும்.

"மழையில ஊதியிருக்கும்," என்றாள்.

"மழையா? பத்து நாளாச்சே மழை பேஞ்சு."

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். மே மாத வெயில் இறங்க மனமில்லாமல் மரங்களுக்கிடையே சாய்ந்து கிடந்தது, உருகிய பனி எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது, பிசின் வாசனையோடு வேறொரு வாசனை, நனைந்த ரோமத்தின் வாசனை, விட்டு விட்டுப் பின்னால் வந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கண் ஒவ்வொரு மரத்தடிக்கும் போனது. பாலத்தருகே கோழிமுட்டை அளவு. வேலியோரம் உருளைக்கிழங்கு அளவு. எல்லாமே மஞ்சள். எல்லாமே ஈரம். அவள் வீட்டை நோக்கி.

அன்று சனிக்கிழமை, சவுனா அடுப்பை மதியமே மூட்டியிருந்தாள். முற்றத்துக் கடைசியில் நீராவிக் குளியலுக்காக மரக்கட்டையால் கட்டிய ஒற்றை அறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இங்கே மரம் இல்லை, மரத்தடியும் இல்லை. உடைகளைக் களைந்து, வழக்கம்போல மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தாள்.

தலைமுடி கூரையில் உரசியது.

எப்போதும் கையை நீட்டினால்தான் கூரை எட்டும்.

பலகை உயர்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தாள். இல்லை. ஒரு கரண்டித் தண்ணீரை அள்ளிச் சூடான கற்கள் மேல் ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி எழுந்து சன்னலை மூடியது. கற்கள் அடங்கின. உஸ்ஸென்ற சத்தம் மட்டும் அடங்கவில்லை.

அது மேலிருந்து வந்தது.

நனைந்த ரோம வாசனை.

அண்ணாந்து பார்க்காதே. பார்க்காதே.

முழங்காலில் என்னவோ விழுந்தது. கனமாக. சூடாக. மஞ்சளாக, ஒரு ரொட்டி அளவில்.

"நீ இங்க இல்ல," என்றாள். குரல் உடைந்து அழுகை வந்தது. "நான் எழுதினது பொய். நீ இங்க இல்லவே இல்ல."

கூரை மூச்சை உள்ளே இழுத்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுவரிலிருந்து சுவர் வரை இழுத்து விரித்த சாம்பல் ரோமம், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில், நெற்றிக்கு ஒரு சாண் மேலே, தட்டு அகலத்தில் இரண்டு கறுப்புக் கண்கள் ஈரமாகத் திறந்தன.