படுத்த எட்டு

சலூன்காரர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். அவர் மேலிருந்த ஷேவிங் சோப்பின் வாசம் ஸ்டூடியோக்காரரின் மூக்கில் ஏறியது. ஆனாலும் கேமராவில் அவர் கண்கள் தெளிவாவதற்கு லென்ஸ் வளையம் உரசிக்கொண்டே கடைசிவரை போய், டக் என்று முட்டி நிற்க வேண்டியிருந்தது. கேமராவைத் தாழ்த்திப் பார்த்தார். ஒன்று, இரண்டு, ஐந்து மீட்டரெல்லாம் தாண்டி, ஓரத்தில் படுத்துக் கிடக்கும் எட்டில் நின்றது குறி. முடிவில்லாத் தூரத்துக்கான குறி, மலையையும் நிலாவையும் எடுக்கிற இடம் அது.

ஊர் ஊராகப் போய்த் தெருவில் முகம் எடுப்பது அவருக்குப் பைத்தியம். தானாகக் குறி வைக்கும் லென்ஸ்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். முகம் எத்தனை தூரம் என்பதை அவர் விரலே சொல்லிவிடும். ஆகவே சந்தேகம் நேராக மனைவி மேல் பாய்ந்தது. பேருந்தில் கேமராப் பை அவள் மடியில்தானே இருந்தது?

"கீழ போட்டுட்டியா? உண்மையச் சொல்லு."

"என் சக்களத்திய நான் ஏங்க தொடப்போறேன்?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த லென்ஸுக்கு அவள் வைத்த பெயர் அது.

அவளையே எடுத்துச் சோதித்தார். வளையம் ஒழுங்காக ஒரு மீட்டரில் நின்றது, இமைமுடிகூடத் தெளிந்தது. லென்ஸில் கோளாறில்லை. அப்படியானால் கோளாறு சலூன்காரரிடம்தான்.

பழக்கடைக்காரம்மா அவளை வெயிலுக்கு உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவர் அடுத்த கடை இஸ்திரிக்காரரிடம் போனார். ஈரத்துணி வேகும் வாசத்துக்கு நடுவே, இஸ்திரிப்பெட்டி ஒரு மீட்டரிலேயே தெளிந்தது. அதைப் பிடித்திருந்த கை தெளியவில்லை. அந்தக் கைக்கு வளையம் படுத்த எட்டுவரை போக வேண்டியிருந்தது.

"இருந்து போகலாமே. என்ன அவசரம்?" என்றார் இஸ்திரிக்காரர். சலூன்காரரும் இதையேதான், இதே இழுவையில்தான் சொல்லியிருந்தார்.

ஸ்டூடியோக்காரர் பழக்கடைக்கு ஓடினார். கடையின் இருட்டுக்குள்ளிருந்து மனைவி நிதானமாக வந்தாள், உள்ளே குளுகுளுவென்று இருந்ததாகச் சொன்னாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தார். மணிக்கட்டு சூடாகத்தான் இருந்தது. அதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

சாயங்காலப் பேருந்து அறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தது. அதன் டீசல் புகை அறைக்குள் வந்தது. கண்டக்டர் பக்கவாட்டில் தட்டும் சத்தம் கேட்டது. அவசரமாகப் பையைக் கட்டினார். அவள் கட்டில் நுனியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பு."

"இருந்து போகலாமே. என்ன அவசரம்?"

அவர் கை நின்றது. பையைத் திறந்து கேமராவை எடுத்தார். கண்ணில் வைத்தார்.

ஒன்று. மங்கல்.

இரண்டு. அவள் பின்னாலிருந்த தலையணை தெளிந்தது. அவள் தெளியவில்லை.

ஐந்து.

டக்.

அவள் கண்கள். ஒவ்வொரு இமைமுடியும்.

அவள் சிரித்தபடி கையை நீட்டினாள். "சக்களத்தியக் குடுங்க. நான் உங்கள எடுக்குறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. கொடுக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் தன்னைப் பற்றியும் அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கொடுத்தார். ஜன்னலோரம் போய் நின்றார், அவளிடமிருந்து இரண்டே எட்டு.

வளையம் உரசத் தொடங்கியது. ஒன்றில் நின்றுவிடு. நின்றுவிடு, தாயே. இரண்டிலாவது.

உரசல் நிற்கவில்லை.

டக்.

"இப்பதாங்க தெளிவா இருக்கீங்க."

நேர் கீழே நின்ற பேருந்து ஹாரன் அடித்தது. மலைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல், அவ்வளவு மெல்லியதாக அவர் காதுக்கு வந்து சேர்ந்தது.