அந்தோனியார் அழைத்த அம்புலன்ஸ்

டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் ஒரு மரச் சொரூபம் அம்புலன்சைக் கூப்பிட்டது.

கண்ணைக் கசக்க வேண்டாம், சரியாகத்தான் வாசித்தீர்கள். ஒன்றரை அடி உயரம், கையில் குழந்தை இயேசு, காலில் செருப்புக்கூட இல்லாத புனித அந்தோனியார், தாமே பட்டனை அழுத்தி உதவி கேட்டார். கோல்டிங்கில் இருக்கிற தமிழர் எல்லாரும் இதை நம்பிவிட்டார்கள். துறைமுகத்துக் கடற்பறவைகள்கூட நம்பிவிட்டன. ஒரே ஒருவர்தான் நம்பவில்லை.

அவர்தான் ஸ்ரனிஸ்லாஸ் மாமா.

வேடிக்கை என்னவென்றால், டென்மார்க்கிலேயே பெரிய புளுகர் அவர்தான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அவர் ஒரு தும்மல் போட்டாராம். அந்தத் தும்மல் மூக்கை விட்டு வெளியே வந்ததும் கல்லாக உறைந்து, கீழே விழுந்து, பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் மணியை உடைத்துவிட்டதாம். இதை நம்பச் சொன்னவர், அதை நம்ப மாட்டேன் என்றார்!

நடந்தது இதுதான்.

மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். நீரிழிவு இருந்ததால் தினமும் காலையில் இன்சுலின் ஊசி போடுவார். அந்தக் குளிர்காலத்தில் பனியில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். உடனே நகரசபைக்காரர் அவருக்கு ஓர் அவசரப் பட்டனைக் கொடுத்தார்கள். கயிற்றில் கோத்து, மாலைபோலக் கழுத்தில் தொங்கவிடலாம். அழுத்தினால், வீட்டில் வைத்திருக்கும் சின்னப் பெட்டியில் இருந்து ஒருவர் பேசுவார்.

அதைக் கொடுத்த அன்று, அவருக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, பத்து வயது ஜெனுஷாவும் அங்கே நின்றாள்.

"என்ன மாமா, கழுத்திலை போடேல்லையோ?"

"இது கிழவங்களுக்குக் குடுக்கிற சாமான், பிள்ளை. எனக்கு என்னத்துக்கு? வாசல்லை நிக்கிற அந்தோனியாருக்குப் போட்டு விடு. அவருக்குத்தான் எண்ணூறு வயசாகுது."

ஜெனுஷா வயிறு குலுங்கச் சிரித்தாள். வாசல் கதவுக்கு உள்ளே, சப்பாத்து அலுமாரிக்கு மேலே நின்ற அந்தோனியாரின் கழுத்தில் பட்டனை மாட்டிவிட்டாள். நெஞ்சுக்கு நேரே அது பதக்கம்போலத் தொங்கியது.

"ஒருத்தரிட்டையும் சொல்லாதை" என்றார் மாமா.

அவளும் சொல்லவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. காலையில் சிலுவைப்பாதை முடிந்ததும் மாமா ஆலய வாசலில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"நேற்றுப் பின்னேரம் தொடங்கின ஒருசந்தி! ஒரு பருக்கைகூட உள்ளை போகேல்லை. ஆனால் ஊசி மட்டும் நேரத்துக்குப் போட்டாச்சு. சிங்கம் பாருங்கோ, சிங்கம்!"

ஜெனுஷாவுக்கு அது சரியாகப் படவில்லை. அவளுடைய வகுப்பில் படிக்கும் எமிலுக்கும் நீரிழிவுதான். ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி குறைந்து மயக்கம் வரும் என்று அவன் வகுப்புக்கே சொல்லியிருந்தான்.

'மாமாவுக்குத் தெரியாததா?' என்று நினைத்தாள். ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்தாள்.

மூன்று மணிக்கு அம்மா செலீனா கஞ்சி காய்ச்சி முடித்தாள். முடித்தாளோ இல்லையோ, ஜெனுஷா சைக்கிளோடு நின்றாள்.

"மாமாவுக்கு நான் கொண்டு போறன், அம்மா. இப்பவே."

"என்னடி இவ்வளவு அவசரம்? பொறு, இந்த அகப்பையையும் கொண்டு போ. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையின்ரை வீட்டிலை தேத்தண்ணிக் கரண்டியைத் தவிர ஒண்டும் இல்லை."

அது நீளமான எவர்சில்வர் அகப்பை. ஆணியில் மாட்டுவதற்காகப் பிடியின் நுனி கொக்கிபோல வளைந்திருந்தது. அவசரத்தில் ஜெனுஷா தன் போனை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

பத்து நிமிட வழியை ஐந்து நிமிடத்தில் மிதித்தாள். காற்று அவளைத் துரத்திப் பார்த்துவிட்டு, களைத்துப் போய் பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாமாவின் மணியை அழுத்தினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை. அப்போதும் இல்லை.

கதவில் கடிதம் போடும் துவாரத்தைத் தள்ளி, உள்ளே பார்த்தாள். குசினி வாசலில் இரண்டு கால்கள் தெரிந்தன. பச்சைக் காலுறை. மாமாவின் கால்கள்.

"மாமா! மாமா, எழும்புங்கோ!"

ஒரு கால் மெல்ல அசைந்தது. அவ்வளவுதான்.

கதவு பூட்டியிருந்தது. ஜெனுஷா எதிர்வீட்டு மணியை அடித்தாள். மேல்வீட்டுக்கு ஓடினாள். அதற்கும் மேலே ஓடினாள். ஈஸ்டர் விடுமுறை. அந்தக் கட்டடத்தில் ஓர் ஈ காக்கைகூட இல்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டி வருவதா? போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். அதற்குள்...

அவள் மறுபடி துவாரத்தில் கண்ணை வைத்தாள். சப்பாத்து அலுமாரியின் மேலே அந்தோனியார் அமைதியாக நின்றார். அவர் நெஞ்சில் பட்டன். அதற்குப் பக்கத்தில் பேசும் பெட்டி.

'நான்தானே மாட்டினேன். நான்தானே ஒருவரிடமும் சொல்லவில்லை.' கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

துவாரத்துக்குள் கையை விட்டாள். எட்டவில்லை. முழங்கை வரை விட்டாள். அப்போதும் எட்டவில்லை.

அகப்பை!

பிடியை முன்னால் நீட்டி, உள்ளே நுழைத்தாள். கொக்கி காற்றில் ஆடியது. ஒருமுறை அந்தோனியாரின் காதைத் தட்டியது. இன்னொருமுறை குழந்தை இயேசுவின் கன்னத்தைத் தடவியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஆண்டவரே" என்று முணுமுணுத்தாள்.

மூன்றாவது தடவை கயிறு கொக்கியில் மாட்டியது. கயிறு கழன்று வரும் என்று நினைத்து இழுத்தாள். அகப்பை வளைந்தது. கயிறு வரவில்லை, அந்தோனியார் வந்தார்! முன்பக்கமாகச் சாய்ந்து, கீழே கிடந்த மாமாவின் மரச் செருப்பின் மேல் நெஞ்சு அடிபட, 'டமார்' என்று விழுந்தார். பட்டன் அமுங்கியது.

பெட்டியில் இருந்து ஒரு பெண்குரல் டேனிஷில் கேட்டது:

"வணக்கம், கிர்ஸ்டன் பேசுகிறேன். ஸ்ரனிஸ்லாஸ், நீங்களா அழைத்தது?"

ஜெனுஷா துவாரத்தில் வாயை வைத்து, டேனிஷிலேயே கத்தினாள்.

"இல்லை! அந்தோனியார் அழைத்தார்! மாமா விழுந்து கிடக்கிறார்!"

"அந்தோனியார் யார்? அவர் அருகில் இருக்கிறாரா?"

"அவரும் விழுந்து கிடக்கிறார்!"

"அப்படியானால், இரண்டு பேரா?"

"அவர் மரச்சிலை! மாமாதான் மனிதர்!" ஜெனுஷா மூச்சை இழுத்துப் பிடித்தாள். இப்போது அழக்கூடாது. "அவருக்கு நீரிழிவு. காலையில் இன்சுலின் போட்டார். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் ஜெனுஷா, கதவுக்கு வெளியே நிற்கிறேன்."

குரல் சட்டென்று மாறியது. "மிகவும் நன்றாகச் சொன்னாய். அம்புலன்ஸ் புறப்படுகிறது. கதவுச் சாவியோடு பராமரிப்பாளர் ஒருவரும் வருகிறார். நீ அவரோடு பேசிக்கொண்டே இரு. கால் அசைகிறதா என்று எனக்குச் சொல்."

ஜெனுஷா பேசினாள். கஞ்சியைப் பற்றிப் பேசினாள். எமிலைப் பற்றிப் பேசினாள். உறைந்த தும்மல் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். "நான் நம்புறன், மாமா! அந்த மணி உடைஞ்சதுதான்! காலை ஆட்டுங்கோ!"

பச்சைக் காலுறை அசைந்தது. பிறகு அசையவில்லை.

"கிர்ஸ்டன், அசையவில்லை!"

"இதோ வந்துவிட்டார்கள், ஜெனுஷா. இதோ."

படிகளில் காலடி கேட்டது. பராமரிப்பு வேலை செய்யும் நிறோஷினி அக்கா திறப்போடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் மஞ்சள் உடுப்புக்காரர் இருவர் வந்தார்கள். ஜெனுஷா கஞ்சியைத் தூக்கிக் காட்டினாள்.

"இதைக் குடுக்கட்டோ, அக்கா?"

"வேண்டாம் பிள்ளை. மயங்கிக் கிடக்கிற ஆளின்ரை வாயிலை ஒண்டும் விடக்கூடாது. புரைக்கேறிப் போகும். அவை பாப்பினம்."

அவர்கள் மாமாவைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். கையில் மருந்து ஏற்றினார்கள். ஜெனுஷா அகப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று நிமிடம் மூன்று வருடம்போலப் போனது. அப்படிப் பார்த்தால் அன்றைக்கு அவளுக்குப் பதின்மூன்று வயது முடிந்திருக்கும்.

பிறகு மாமாவின் ஒரு கண் திறந்தது.

"ஆரது என்ரை வீட்டுக்குள்ளை, சப்பாத்தோடை?"

ஜெனுஷா அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாமா தலையணைகளின் நடுவே ராசாவைப்போல இருந்தார்.

"நான் விழேல்லை. குசினி வாசல்லை கொஞ்ச நேரம் படுத்தனான்."

"மாமா, அந்தோனியார்தான் அம்புலன்சைக் கூப்பிட்டவர்."

"சும்மா போ பிள்ளை! நான் புளுகினாலும் ஒரு கணக்கோடை புளுகுவன். மரச் சொரூபம் கூப்பிட்டதாம்! என்னையும் மிஞ்சிட்டாய்."

"உங்களை ஆர் மிஞ்சுறது, அண்ணை?" என்றாள் அம்மா. "சொரூபத்தின்ரை மூக்கைப் போய்ப் பாருங்கோ."

திங்கட்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். அந்தோனியார் பழைய இடத்தில் நின்றார். கழுத்தில் பட்டன் இருந்தது. மூக்கு நுனி மட்டும் இல்லை. பக்கத்தில் வளைந்துபோன அகப்பை.

மாமா மூக்கைத் தடவினார். அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கு தானாகவும் உடைஞ்சிருக்கலாம். அகப்பை ஆரும் வளைக்கலாம். பட்டன் வேலை செய்யுதோ எண்டு பாப்பம்" என்று சொல்லி, அழுத்தினார்.

பெட்டி பேசியது.

"வணக்கம், கிர்ஸ்டன் பேசுகிறேன். யார் அழைப்பது? ஸ்ரனிஸ்லாஸா, இல்லை, திரும்பவும் அந்தோனியாரா?"

மாமா பெட்டியைப் பார்த்தார். அந்தோனியாரைப் பார்த்தார். அலுமாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டனை அந்தோனியாரின் கழுத்தில் இருந்து கழற்றி, தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஜெனுஷா அது நேராக இருக்கிறதா என்று பார்த்து இழுத்துவிட்டாள்.

"ஸ்ரனிஸ்லாஸ்தான்" என்றார் மாமா பெட்டியைப் பார்த்து, டேனிஷில். "அந்தோனியாருக்கு இன்றைக்கு ஓய்வு."

பிறகு ஜெனுஷாவின் பக்கம் திரும்பி, மிக மெல்லிய குரலில் சொன்னார்:

"ஓம் பிள்ளை. நடந்ததுதான்."