எதோடும் பொருந்தாத துண்டு

செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜாக்குலின் படியிறங்கி வந்தபோது வழக்கமான பினாயில் வாடை. மெஷினின் டக் டக் சத்தம். அசையாமல் படுத்திருப்பவரின் மூளையில் எந்தெந்த இடங்கள் ஒன்றாகத் துடிக்கின்றன என்று மெஷின் படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும். பார்வை, பேச்சு, கேட்பது என ஒவ்வொன்றுக்கும் மாதிரிப் படம் உண்டு. எந்தத் துண்டு எதோடு பொருந்துகிறது என்று பார்ப்பது அவள் வேலை.

போன வாரம் வடாலாவிலிருந்து பரீஹா என்ற சிறுமியை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தார்கள். அவளுடைய ஒரு துண்டு எந்த மாதிரியோடும் பொருந்தவில்லை. கொக்கி போல வளைந்திருந்தது. ஸ்கேன் முடிந்து வெளியே இழுத்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை.

இன்று காலை, தலைவலி என்று மாதுங்காவிலிருந்து வந்த சுப்புலக்ஷ்மி மாமியின் படத்திலும் அதே கொக்கி. பரீஹாவுடையதன் மேல் வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. அடுத்து ஸ்கேனுக்காக வெளியே காத்திருந்தது வலிப்பு நோயில் தவிக்கும் அவள் தம்பி டேனி.

டாக்டர் ஸ்மிதாவை அழைத்து வந்து காட்டினாள்.

"மெஷின் கோளாறா இருக்கும். தண்ணிப் பந்தை வெச்சு ஓட்டிப் பாரேன்."

மெஷினைச் சோதிக்க வைக்கும் பந்து. உள்ளே வெறும் தண்ணீர்.

கொக்கி வந்தது.

துடித்துக்கொண்டிருந்தது.

ஸ்மிதா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "உன் தம்பியை உள்ளே அனுப்பும்மா. நாளைக்கு ஆபரேஷன். பேச்சு எங்கே இருக்குன்னு தெரியாம கத்தி வைக்க முடியாது."

"வேற ஆஸ்பத்திரிக்கு..."

"அங்கே இடம் கிடைக்க ஒரு மாசம் ஆகும். இந்த வலிப்போட அவன் தாங்க மாட்டான்."

டேனி சிரித்தபடியே படுத்தான். "பயப்படாதக்கா. சும்மா கெடக்கதுதான?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

படம் வந்தது. பேச்சு பொருந்தியது. பார்வை பொருந்தியது. கொக்கி எங்கும் இல்லை. டேனியை மேலே அனுப்பிவிட்டு, தண்ணிப் பந்தை மறுபடி வைத்து ஓட்டினாள்.

வெறும் தண்ணீர்.

அழுகையும் சிரிப்புமாக மேலே ஓடினாள். வாசல் வெயிலில் டேனி நின்றுகொண்டிருந்தான். அவன் வலது கையைப் பற்றினாள். "வால, போவோம்."

அவன் நகரவில்லை.

"மெள்ளக்கா," என்று கிசுகிசுத்தான். "அவளால வேகமா நடக்க முடியல."

"யாருல?"

அவன் இடது கை பக்கவாட்டில் நீண்டு, ஒரு சின்னப் பிள்ளையின் கை உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. விரல்கள் எதையோ பொத்திப் பிடித்திருந்தன. ஜாக்குலின் அவனைத் தன் பக்கம் இழுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ இழுத்தார்கள்.