மூக்குக்கண்ணாடிக் கடையில் நாலு மணிப் பாட்டு

கதவைத் திறந்த டிரில் மாஸ்டருக்கு முதலில் தெரிந்தது ஒரு கடிதம்தான். அடுத்து அதை நீட்டிய கை. கைக்குப் பின்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் தங்க பிரேம் கண்ணாடியுமாக ஒருவர் நின்றார். கடைசியாக எப்போது சிரித்தோம் என்பதே மறந்துபோன முகம்.

"துப்பறியும் மேடம் இருக்காங்களா?"

"இருக்காங்க. நான் அவங்க உதவியாளர்," என்றார் டிரில் மாஸ்டர்.

மேடம் தன் மனைவி என்பதை அவர் கட்சிக்காரர்களிடம் முதல் சந்திப்பிலேயே சொல்வதில்லை. மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான இழப்பீட்டு மனுக்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். மாஸ்டர் பள்ளிக்கூட மைதானத்தில் முப்பது வருடம் விசில் ஊதியவர். இருவரும் வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் துப்பறிய உட்கார்ந்து ஒரு வருடம் ஆகிறது. மூளை ஒருவருடையது, வேகம் மற்றவருடையது. எது யாருடையது என்பதில் மாஸ்டருக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

வந்தவர் உட்கார்ந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவராம்.

"என் கடையில ஒரு பாட்டு திருட்டுத்தனமா ஓடுது மேடம்."

மாஸ்டர் நோட்டைத் திறந்து 'பாட்டு, திருட்டு' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"வீட்டுல எந்தப் பாட்டு வேணாலும் கேக்கலாம். கடையில வர்றவங்க காதுல விழற மாதிரி போட்டா அதுக்கு உரிமம் வாங்கணும். வாங்கிட்டேன். சும்மா வாங்கல, மூணு வாரம் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து வாங்கினேன். முதல்ல வேகமான இசை போட்டேன். வந்தவங்க ஒரே பிரேமைப் போட்டுப் பாத்துட்டு அதே வேகத்துல வெளிய போயிட்டாங்க. அப்புறம் வயலின். ஒரு அம்மா அழுதுட்டாங்க. கண்ணுல தண்ணி நின்னா பவர் எப்படிப் பாக்கறது? கடைசியா புல்லாங்குழல் தொகுப்பு ஒண்ணு. நாற்பது இசைத்துண்டு. அது மட்டும்தான் போடலாம்னு உரிமம். வாய்ப்பாட்டே கிடையாது."

கடிதத்தை மேடம் படித்தார். இசை உரிமச் சங்கத்தின் கள அதிகாரி, வாடிக்கையாளர் போல மூன்று நாள் கடைக்குப் போயிருக்கிறார். மூன்று நாளும் மாலை நாலு மணி சுமாருக்கு, கூரை ஒலிபெருக்கி வழியாக, தொகுப்பில் இல்லாத பழைய திரைப்பாடல் ஒன்று ஒலித்ததைத் தம் காதால் கேட்டிருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் உரிமம் ரத்து.

"யார் மேல சந்தேகம்?" என்றார் மேடம்.

"எங்க பிரேம் அக்கா. வர்றவங்களுக்கு பிரேம் எடுத்துக் காட்டறவ. பன்னெண்டு வருஷமா இருக்கா. புல்லாங்குழல் கேட்டா தூக்கம் வருது, பழைய படப்பாட்டு போடுங்கன்னு அடம் பிடிச்சது அவ ஒருத்திதான். நாளையோட நின்னுக்கம்மான்னு சொல்லிட்டேன். ஆனா எப்படிச் செய்யறான்னு புரியல. அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அவங்க செய்யலன்னா?"

"வேற யாரு செய்வா? அவ வீட்டுல சம்பாதிக்கிற ஆள் அவ மட்டும்தான்னு எனக்கும் தெரியும் மேடம். அதனாலதான் உறுத்துது. கையும் களவுமா பிடிச்சிட்டா உறுத்தாது பாருங்க."

"அந்தப் பாட்டை நீங்க கேட்டீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல. காலையில ஒன்பது மணிக்கு உள்ள போனா சாத்துற வரைக்கும் கடையை விட்டு நகர மாட்டேன். என் காதுக்கே படாம போடறாங்கறதுதான் மர்மம்."

மேடம் தன் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். என்ன அகப்பட்டது என்று நோட்டை மேலும் கீழும் பார்த்தும் மாஸ்டருக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு இருவரும் கடையில் இருந்தார்கள். புதிதாகப் போட்ட வெள்ளைக் கூரை, சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், எங்கே திரும்பினாலும் தன் முகமே தெரிகிற நிலைக்கண்ணாடிகள். எங்கிருந்தோ புல்லாங்குழல் இழைந்து வந்தது. மாஸ்டர் முதல் வேலையாக ஸ்டூலில் ஏறிக் கூரையை ஆராய்ந்தார். வட்டமாக, வெள்ளையாக, சல்லடை போல ஓட்டை போட்ட மூடிகள் ஆறு.

"ஆறு ஸ்பீக்கர்," என்று அறிவித்தார்.

"மூணுதான் சார் ஸ்பீக்கர்," என்றார் கீழே நின்ற பிரேம் அக்கா. "மிச்ச மூணும் காத்து வர்ற வழி. ஒரே மாதிரி இருக்கட்டும்னு முதலாளிதான் தேடி வாங்கினார்."

மாஸ்டர் 'ஆறு' என்பதை அடித்து 'மூன்று' என்று எழுதினார். இசைப்பெட்டி முதலாளியின் அறையில் ஓர் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி முதலாளியின் பெல்ட்டில். உரிமம் வாங்கிய நாளிலிருந்து பெட்டியில் என்னென்ன ஓடியது என்ற பட்டியலை மேடம் எடுத்துப் பார்த்தார். புல்லாங்குழல், புல்லாங்குழல், மறுபடியும் புல்லாங்குழல்.

பிரேம் அக்காவின் கைப்பை கல்லாமேசை மேல் கட்டி வைத்தபடி இருந்தது. அவருடைய தண்ணீர் பாட்டில், உதிரிச் செருப்பு, பன்னிரண்டு வருடமாக இழுப்பறையில் சேர்ந்த சில்லறைச் சாமான்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டிருந்தன.

"அந்தப் பாட்டை நீங்க போட்டீங்களாம்மா?" என்றார் மேடம்.

"போடத் தெரிஞ்சிருந்தா முதல் நாளே போட்டிருப்பேங்க. மூணு வாரம் அந்த வேக இசையையும் வயலினையும் கேட்டுட்டு நின்னிருக்க மாட்டேன்."

"கேட்டிருக்கீங்க இல்ல?"

"எல்லாரும்தான் கேக்கறோம். பெரும்பாலும் நாலு மணிக்கு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் வரும், பாதியில நின்னுரும். முதலாளி மனசு மாறிட்டார்னு நினைச்சோம். அவர்கிட்ட போய் ஏன் சார்னு கேட்டு, அவர் நிறுத்தித் தொலைச்சிட்டார்னா? அதான் வாயைத் திறக்கல."

பின்பக்கப் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்த லென்ஸ்காரர் தலையாட்டினார். லென்ஸைச் சாணை பிடித்துப் பிரேமுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. "நான் நாலு மணிக்கு டீயைத் தூக்கிட்டு முன்னாடி வர்றதே அதுக்குத்தாங்க," என்றார்.

"பாட்டுக்குக் கூட தபலா, வயலின் ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது. வெறும் குரல். கிணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி," என்றார் அக்கா.

"அப்ப புல்லாங்குழல்?"

"அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்." அக்கா தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க. அந்தப் பாட்டு வர்றப்ப ஒரு சோப்பு வாசனை வருங்க."

மாஸ்டர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"இந்தக் கூரை எப்ப போட்டாங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு. அப்பதான் ஸ்பீக்கர், ஏசி, முதலாளி ரூம்ல தனியா ஒரு பாத்ரூம், எல்லாம் ஒரே ஆள் வந்து ஒரே வாரத்துல போட்டுட்டுப் போனார். அதுக்கு முந்தி பாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மேடம் கை கழுவ வேண்டும் என்றார். ஊழியர்களுக்கான தொட்டியில் பச்சை நிறத் திரவ சோப்பு இருந்தது. கழுவி முகர்ந்து பார்த்தார். பிறகு முதலாளியிடம் போய், உங்கள் குளியலறையிலும் கழுவ வேண்டும் என்றார். மாஸ்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலைக்கு வந்த இடத்தில் இரண்டு இரண்டு தடவையா கை கழுவுவது?

"அது என் சொந்த உபயோகத்துக்கு மேடம்," என்று இழுத்தார் முதலாளி. "லென்ஸ் தூள் எனக்கு ஒத்துக்காது. சாயங்காலம் ஒரு தடவை முகம் கழுவுவேன்." ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

அடுத்து மேடம் உரிமச் சங்கத்தின் அதிகாரிக்குப் போன் போட்டார்.

"பாட்டு வந்தப்ப நீங்க என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

"புது பிரேம் போட்டுப் பாத்துட்டிருந்தேன். சந்தேகம் வரக்கூடாதுல்ல?"

"உங்க கண்ணாடி?"

"கழட்டி மேசை மேல வெச்சிருந்தேன்."

"பவர் எவ்வளவு?"

"மைனஸ் அஞ்சரை. அதுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"நாலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருங்க, சொல்றேன்."

மதியச் சாப்பாட்டின்போது மாஸ்டர் தன் முடிவை எடுத்து வைத்தார். குற்றவாளி அந்த அதிகாரியேதான். உதடு அசையாமல் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உரிமத்தை ரத்து செய்தால் பதவி உயர்வு.

"நல்லா யோசிச்சிருக்கீங்க," என்றார் மேடம். "சாம்பார் போடட்டுமா?"

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மேடம் எல்லோரையும் கடை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதிகாரி மடியில் ஒரு ஃபைல். லென்ஸ்காரர் கையில் டீ. பிரேம் அக்கா மட்டும் நின்றுகொண்டார். கைப்பை இப்போது அவர் தோளில் இருந்தது.

"இவங்கதானே?" என்றார் முதலாளி.

"சொல்றேன் சார். நீங்க எப்பவும் நாலு மணிக்கு என்ன செய்வீங்களோ அதைச் செஞ்சிட்டு வாங்க. முகம் கழுவுங்க. அவசரமே இல்ல. அலமாரிச் சாவியை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

அவர் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்கதவும் சாத்துகிற சத்தம் கேட்டதும் மேடம் மெதுவாக உள்ளே போய், இசைப்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி, அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். புல்லாங்குழல் நின்றது. கடை சட்டென்று வெறிச்சென ஆனது.

"இப்ப கடையில எந்தப் பாட்டும் ஓட வழியில்ல. சரிதானே மாஸ்டர்?"

"வழியே இல்ல," என்றார் மாஸ்டர் கம்பீரமாக.

எங்கோ தண்ணீர் கொட்டியது. பிரேம் அக்கா மூக்கை உறிஞ்சினார். பிறகு மாஸ்டருக்கும் வந்தது, ரோஜா சோப்பின் வாசனை. நடுக் கூரையிலிருந்து ஒரு குரல் புறப்பட்டது.

நிலவைக் கீழே இறங்கி வரச் சொல்லிக் கெஞ்சுகிற பழைய படப்பாட்டு. கனத்த, குழைந்த குரல். மேலே போக வேண்டிய இடத்தில் தயங்காமல் போய், அங்கேயே கொஞ்சம் உலாவிவிட்டு இறங்கியது. லென்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி இம்முறை கண்ணாடியோடு அண்ணாந்து பார்த்தார். குரல் வந்தது ஒலிபெருக்கியிலிருந்து அல்ல, அதற்குப் பக்கத்துக் காற்றுமூடியிலிருந்து. மாஸ்டரின் விரல் நோட்டின் மேல் தாளம் போட ஆரம்பித்தது. துப்பறிய வந்தவர் உருகக்கூடாது என்று இருமிச் சமாளித்தார்.

சரணத்தின் பாதியில் குழாய் நின்றது. பாட்டும் நின்றது. ஒரு நிமிடம் கழித்து, ஈரத் தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு முதலாளி வெளியே வந்தார். அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

"என்ன? வந்துச்சா? பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சாச்சு சார்," என்றார் மேடம். "உக்காருங்க. கடையில இருக்கறவங்க எல்லாரும் கேட்ட பாட்டை, கடையை விட்டே நகராத ஒருத்தர் மட்டும் கேட்டதில்லன்னா, அதைப் பாடறது அவராத்தான் இருக்கணும். எங்க வீட்டுல நீங்க சொன்னதுமே எனக்கு அதுதான் தட்டிச்சு."

தனக்கும் அப்போதே தட்டியது போல மாஸ்டர் தலையாட்டினார். மேடம் கண்டுகொள்ளவில்லை.

"ஆனா தட்டினது போதாதே. புல்லாங்குழல் ஓடும்போதே பாட்டும் ஓடிருக்கு. ஒரு பெட்டி ஒரே நேரத்துல ரெண்டு பாடாது. கூட வாத்தியம் இல்ல, கிணத்துக்குள்ள நிக்கற மாதிரி குரல். சுத்தி ஓடு பதிச்ச சின்ன ரூம்ல பாடினா அப்படித்தான் கேக்கும். கூடவே சோப்பு வாசனை, அதுவும் இவங்க பச்சை சோப்பு இல்ல, உங்க பாத்ரூம்ல இருக்கற ரோஜா சோப்பு. ஸ்பீக்கர்ல வாசனை வராது, காத்துல வரும். உங்க பாத்ரூம் காத்து வெளிய போகக் குழாய் போட்டவர் அதைத் தெருப்பக்கம் விடாம, சோம்பல்ல ஏசி குழாயோட சேத்துட்டார். அதிகாரி சார் கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு கூரையைப் பாத்தார். மைனஸ் அஞ்சரைக்கு ஸ்பீக்கரும் ஒண்ணுதான், ஓட்டையும் ஒண்ணுதான்."

"நானா? பாடறேனா?" முதலாளியின் முகம் காதுவரை சிவந்தது. "நான் முகம்தான் கழுவறேன்."

"அவருக்கே தெரியாது போல," என்று முணுமுணுத்தார் லென்ஸ்காரர்.

முதலாளி மெல்லத் திரும்பிப் பிரேம் அக்காவின் தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தார். 

அதிகாரி ஃபைலைத் திறந்தார். "பதிவு செஞ்ச பாட்டு இல்லங்கறதால கடிதத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா கடைக்குள்ள வர்றவங்களுக்குக் கேக்கற மாதிரி ஒருத்தர் பாடினா அது நேரடி நிகழ்ச்சி. அதுக்குத் தனிப் படிவம். இல்லன்னா அந்தக் குழாயை அடைச்சிருங்க."

"அடைச்சிரலாம்," என்றார் முதலாளி அவசரமாக.

"அடைக்க வேண்டாம்," என்றார்கள் லென்ஸ்காரரும் பிரேம் அக்காவும் ஒரே நேரத்தில்.

பிறகு முதலாளி கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். 'பாடுபவர்' என்ற இடத்தில் தன் பெயரை, யாருக்கும் தெரியாத அளவு சின்ன எழுத்தில் எழுதினார்.

"கீழ சாட்சிக் கையெழுத்து வேணும்," என்றார் அதிகாரி. "பாடினதைக் கேட்ட, இந்தக் கடை ஊழியர் ஒருத்தர்."

முதலாளி படிவத்தைப் பிரேம் அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா தொடவில்லை.

"நான் இந்தக் கடை ஊழியர் இல்லையே சார். இன்னியோட நின்னுக்கச் சொன்னீங்க."

"சொன்னேன்," என்றார் அவர். தொண்டையைக் கனைத்தார். "தப்பா சொல்லிட்டேன்மா. இவ்வளவு பேர் முன்னாடி சொல்லிக்கறேன், தப்பு என் மேலதான். போடும்மா."

அக்கா கைப்பையை நாற்காலியில் இறக்கி வைத்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'பதவி' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு நொடி யோசித்து, 'மேலாளர்' என்று தெளிவாக எழுதினார்.

முதலாளி தங்க பிரேமை மேலே தூக்கி ஒரு தடவை, கீழே இறக்கி ஒரு தடவை அதைப் படித்தார். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முதலாளி கடை முத்திரையை மையில் ஒற்றி, 'மேலாளர்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே நன்றாக அழுத்திக் குத்தினார்.