தூக்கினால் ஓடும் இன்ஜின்

இஃப்ரா இன்ஜினைக் கையில் தூக்கிப் பிடித்தாள். நான்கு சக்கரங்களும் விர்ரென்று சுற்றின.

தண்டவாளத்தில் வைத்தாள். இன்ஜின் நடுங்கியது. உஸ்ஸென்று முனகியது. ஆனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

மறுபடி தூக்கினாள். சுற்றியது. மறுபடி வைத்தாள். நின்றது.

"இன்னா இது? தூக்குனா ஓடுது, வெச்சா நிக்குது?" டில்லிபாபு தலையைச் சொறிந்தான். "எறங்கி நடக்கவே மாட்டேங்குது. கைக்கொயந்த மாதிரி கீது."

இஃப்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து இதே கதை.

திருவல்லிக்கேணியில், ஜாம் பஜாருக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இஃப்ராவின் வீடு. இரண்டாவது மாடி. வீட்டு வாசலில் நீளமான நடை. கோடை விடுமுறை என்பதால் அந்த நடையே அவர்களுடைய ரயில் நிலையம். டில்லிபாபு பக்கத்துத் தெரு. இருவரும் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள்.

தண்டவாளமும் மூன்று சிவப்புப் பெட்டிகளும் டில்லிபாபுவின் மாமா பையன் கொடுத்தவை. இன்ஜினையும் சேர்த்துத்தான் கொடுத்தான். ஆனால் அதன்மேல் ஆட்டோ ஏறியிருந்தது. சக்கரங்கள் மட்டும்தான் தப்பின.

"சக்கரம் இருக்குல்ல? மத்ததை நாமளே செஞ்சுக்கலாம்" என்றாள் இஃப்ரா.

அவளுடைய பழைய ஜாமெட்ரி பாக்ஸ் இன்ஜினின் உடம்பானது. அம்மாவின் நெயில் பாலிஷால் ஜன்னல்கள் வரைந்தாள். முன்விளக்குக்கு ஒரு சட்டைப் பொத்தான். இறக்கை உடைந்த பேட்டரி கைவிசிறியிலிருந்து ஒரு மோட்டார் கிடைத்தது. அதன் முனையிலிருந்து சக்கரத்தின் அச்சுக்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினாள். மோட்டார் சுற்றினால் சக்கரமும் சுற்றும்.

ஒரு மோட்டார் போதாது என்று இருவருக்கும் தோன்றியது. மூன்று பெட்டிகளை இழுக்க வேண்டுமே!

இரண்டாவது மோட்டார் முதல் மாடியில் கிடைத்தது. அங்கே மஹ்விஷ் ஆன்ட்டி வீட்டைச் சுத்தம் செய்து, வேண்டாத சாமான்களை ஒரு சாக்கில் போட்டு வாசலில் வைத்திருந்தார்.

"ஆன்ட்டி, இங்க இருக்கிறதுல எனக்கு வேணுங்கிறதை எடுத்துக்கவா?" என்று இஃப்ரா கதவருகே நின்று கேட்டாள்.

"எடுத்துக்கோ பேட்டா. எல்லாம் பழசுதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாக்கின்மேல் சாய்ந்தபடி ஒரு சாம்பல் நிறப் பொம்மை ஜீப் நின்றது. சுவிட்சைத் தட்டினால் அசையவில்லை. ஆனால் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த மோட்டார் நன்றாக இருந்தது. மோட்டாரை எடுத்துக்கொண்டு மற்ற பாகங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள்.

முன்சக்கரத்துக்கு ஒரு மோட்டார், பின்சக்கரத்துக்கு ஒரு மோட்டார். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பென்சில் பேட்டரிகள். எல்லாம் சரிதான். ஆனால் இன்ஜின் மட்டும் போகவில்லை.

"வெயிட்டு ஜாஸ்தி" என்றான் டில்லிபாபு. மூடியைக் கழற்றினார்கள். போகவில்லை.

"வெயிட்டு கம்மியா கீது. அதான் வழுக்குது." ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள். போகவில்லை.

"எண்ணெய் உடணும்." தேங்காய் எண்ணெய் விட்டார்கள். இன்ஜின் மணத்தது. போகவில்லை.

அப்போதுதான் முதல் மாடியிலிருந்து மஹ்விஷ் ஆன்ட்டியின் மகன் காஷிஃப் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியேறி வந்தான். அவனுக்கு ஐந்து வயது.

"இஃப்ரா ஆபா, என் யானையைப் பாத்தியா?"

"யானையா? எவ்வளவு பெருசு?"

காஷிஃப் இரண்டு கைகளையும் கொஞ்சமாக விரித்தான். பிறகு யோசித்து, இன்னும் அகலமாக விரித்தான்.

இஃப்ராவும் டில்லிபாபுவும் அவனோடு சேர்ந்து தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், செருப்பு வைக்கும் இடத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார்கள். எங்கும் யானை இல்லை. காஷிஃப் அழுதுகொண்டே கீழே போனான்.

மறுநாள் காலை கீழேயிருந்து சத்தம் கேட்டது. இஃப்ராவும் டில்லிபாபுவும் இறங்கி ஓடினார்கள்.

கட்டட வாசலில் பக்கிரி அண்ணன் நின்றிருந்தார். பழைய சாமான் எடுப்பவர். அவருடைய மூன்று சக்கர வண்டி தெருவில் நின்றது. படியில் மஹ்விஷ் ஆன்ட்டி கோபத்தோடு நின்றிருந்தார்.

"நேத்து நீங்க சாக்கை எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் யானையைக் காணோம். என் பையன் ராத்திரி முழுக்க அழுதான். சாக்குக்கு வெளியில இருந்ததை ஏன் எடுத்தீங்க?"

"யானையா? இன்னாமா சொல்ற?" என்றார் பக்கிரி அண்ணன். "சாக்குல ஒரு மிக்ஸி, ரெண்டு குக்கர் மூடி, ஒரு ஒடஞ்ச கொடை. அவ்ளோதான் இருந்துச்சு. யானைய எடுத்தும்போய் நான் இன்னா பண்ணப்போறேன்?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். பக்கிரி அண்ணன் சிரிக்கவில்லை.

"பதிமூணு வருசமா இந்தத் தெருவுல வண்டி தள்ளிக்கினு கீறேன்மா. கொயந்த பொம்மைய எடுத்தேன்னு ஒருத்தரும் என்னைச் சொன்னதில்ல."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இனிமே எங்க பில்டிங்குக்கு வராதீங்க."

இஃப்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆன்ட்டி பொய் சொல்கிறவர் இல்லை. பக்கிரி அண்ணனைப் பார்த்தாலும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அப்படியானால் யானை எங்கே போயிற்று?

படியில் உட்கார்ந்திருந்த காஷிஃபின் பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"உன் யானை எப்படி இருக்கும்?"

"சாம்பல் கலரு. மூக்குல கயிறு தொங்கும். இழுத்தா வரும்."

"காது பெருசா இருக்குமா?"

"காது கெடையாது. கதவுதான்."

"யானைக்குக் கதவா?"

"ரெண்டு கதவு" என்று காஷிஃப் பொறுமையாகச் சொன்னான். "நாலு சக்கரம். நான் அதை சாக்குக்குப் பக்கத்துல பார்க்கிங் பண்ணேன்."

பிஸ்கட் டப்பா இஃப்ராவின் நினைவுக்கு வந்தது. டில்லிபாபுவைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது. காதோடு காதாகக் கிசுகிசுத்தான்.

"கம்முனு இரு. நாம இன்னா திருடவா செஞ்சோம்? கேட்டுட்டுதான எடுத்தோம்?"

அதுவும் உண்மைதான். கேட்டுத்தான் எடுத்தாள். ஆன்ட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியானால் தப்பு ஆன்ட்டியுடையதா? குப்பைக்குப் பக்கத்தில் பார்க்கிங் செய்த காஷிஃபுடையதா? இல்லை, அவளுடையதா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

தெருவில் பக்கிரி அண்ணன் தலையைக் குனிந்தபடி வண்டியைத் திருப்பினார்.

யார் தப்பு என்பது இஃப்ராவுக்குப் புரியவில்லை. யார் தப்பு இல்லை என்பது மட்டும் புரிந்தது.

"பக்கிரி அண்ணா! போகாதீங்க!" என்று கத்தினாள். "யானை என்கிட்டதான் இருக்கு!"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு மாடி ஏறி ஓடி, பிஸ்கட் டப்பாவோடு இறங்கி வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு சாம்பல் நிறக் கதவுகள், நான்கு சக்கரங்கள், முன்னால் கயிறு தொங்கும் ஒரு ஜீப்பின் உடம்பு.

"என் யானை!" என்று காஷிஃப் கூவினான். மறு நொடி உதடு பிதுங்கியது. "ஏன் இப்படிக் கழண்டுபோச்சு?"

மஹ்விஷ் ஆன்ட்டி டப்பாவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "இது ஜீப்தானே? நான் அந்தத் துணி யானையைச் சொல்றேன்னு நினைச்சேன்."

"துணி யானை பேரு டாக்டர்" என்றான் காஷிஃப். "அது பீரோவுக்குப் பின்னாடி தூங்குது."

"யா அல்லா!" ஆன்ட்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆன்ட்டி, நான் உங்ககிட்ட கேட்டேன். ஆனா எதை எடுக்கிறேன்னு காட்டல" என்றாள் இஃப்ரா. "பக்கிரி அண்ணன் எதுவும் எடுக்கல. சாயங்காலத்துக்குள்ள யானையை மாட்டிக் கொடுத்துடறேன்."

ஆன்ட்டி எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கிரி அண்ணன் பக்கம் போனார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. என் பையன் சொன்னது எனக்கே புரியல. விசாரிக்காம நாலு பேர் முன்னாடி உங்களைப் பேசிட்டேன்."

பக்கிரி அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஆன்ட்டி கொண்டுவந்த எலுமிச்சை ஜூஸை நின்றபடியே குடித்தார். டம்ளரைக் கொடுக்கும்போதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பரவால்ல உடுமா. இத்தினி வருசத்துல மொத தபா நான் யானைய தூக்கிக்கினு போய்ட்டேன்னு பேர் வந்துச்சு. சாதாரண ஆளா நானு?"

இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

மாடியில் டில்லிபாபு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு மோட்டார் இருந்தே ஓடல. இப்ப ஒண்ணும் போச்சுன்னா எங்க ஓடப்போவுது?"

இஃப்ரா பின்சக்கரத்தின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். மோட்டாரை எடுத்து ஜீப்பில் வைத்தாள். அப்போதுதான் ஜீப்பின் ஒயர் ஒன்று அறுந்திருப்பதைப் பார்த்தாள். அதை முறுக்கி டேப் ஒட்டினாள். காஷிஃப் பக்கத்தில் நின்று பார்க்க, சக்கரங்களையும் கதவுகளையும் மாட்டினாள். சுவிட்சைத் தட்டியதும் ஜீப் பாய்ந்து போய்ச் சுவரில் முட்டியது.

"ஓடுது! ஓடுது!" என்று டில்லிபாபு குதித்தான்.

காஷிஃப் மட்டும் ஓர் அடி பின்னால் போனான்.

"இது என் யானை இல்ல."

"ஏன்டா?"

"என் யானை தானா போகாது. நான்தான் தள்ளுவேன்."

இஃப்ரா குழப்பத்தோடு சுவிட்சை அணைத்தாள். "இப்போ?"

காஷிஃப் ஜீப்பைத் தொட்டுப் பார்த்தான். லேசாகத் தள்ளினான். "இப்ப என் யானை" என்று சொல்லிவிட்டு, வாயால் உர்ரென்று சத்தம் போட்டபடி நடை முழுவதும் தள்ளிக்கொண்டு போனான்.

"அட, அவனுக்கு மோட்டாரே வேணாமாம்!" டில்லிபாபுவின் கண்கள் பளிச்சிட்டன. "எடுத்துக்கலாமா?"

"அது அவன் யானைக்குள்ள இருக்கு. அவனைக் கேட்கணும்."

கேட்டார்கள். "வேணாம்" என்றான் காஷிஃப்.

சரி, இருக்கிற ஒரு மோட்டாரோடு என்ன ஆகிறது என்று பார்ப்போம். இஃப்ரா அரைமனதோடு இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தாள்.

அது புறப்பட்டது!

வளைவில் திரும்பி, டில்லிபாபுவின் முழங்காலைத் தாண்டி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடமே வந்தது.

இருவரும் வாயைத் திறந்தபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு மோட்டாரால முடியாதத ஒரு மோட்டார் எப்டி செய்யும்?" என்றான் டில்லிபாபு. "கணக்கே ஒதைக்குதே!"

இஃப்ரா இன்ஜினைப் புரட்டிப் பார்த்தாள். முன்மோட்டாரின் முனை இடதுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பின்மோட்டாரை எப்படி வைத்திருந்தாள்? இடம் போதாமல் திருப்பி வைத்திருந்தாள். அதன் முனை வலதுபக்கம் பார்த்தது.

"டில்லி, எந்திரி. அந்தச் சுவரைப் பார்த்து நில்லு. நான் இந்தச் சுவரைப் பார்த்து நிற்கிறேன்." கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். "இப்ப ரெண்டு பேரும் முன்னாடி நடக்கலாம்."

நடந்தார்கள். கயிறு விறைத்தது. இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். கால்கள் நடுங்கின. யாரும் நகரவில்லை.

"அய்ய! நம்ம இன்ஜினு மாதிரியே நிக்கிறோம்!" என்றான் டில்லிபாபு.

"அதேதான்! ரெண்டு மோட்டாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச்சு. கையில தூக்கினப்ப, யாரும் யாரையும் இழுக்கல. அதான் சுத்துச்சு."

அப்படியானால் ஒரு மோட்டாரை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றவைக்க வேண்டும். எப்படி? இஃப்ரா சும்மா ஒயர்களை இடம் மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். இன்ஜின் பின்னால் ஓடியது. அவ்வளவுதான் விஷயம்!

ஆனால் மாற்றுவதற்கு இரண்டாவது மோட்டார் இல்லை. ஒரு பெட்டியைக் கோத்தார்கள். இன்ஜின் இழுத்தது. இரண்டாவதைக் கோத்தார்கள். திணறியது. மூன்றாவதுக்கு நின்றே போனது.

காஷிஃப் ஜீப்பைத் தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றுபோன ரயிலின் அருகே வந்து குந்தினான்.

"பாவம், அதுக்கு மூச்சு வாங்குது."

"ஆமா. தனியா இழுக்குதுல்ல" என்றாள் இஃப்ரா.

காஷிஃப் திரும்பித் தன் ஜீப்பைப் பார்த்தான்.

"மோட்டாரை எடுத்தா என் யானைக்கு வலிக்குமா?"

"வலிக்காது. எப்ப வேணும்னு சொன்னாலும் திரும்ப மாட்டிக் கொடுத்துடுவேன்."

"அப்ப எடுத்துக்கோ. ஆனா விசில் நான்தான் ஊதுவேன்."

அன்று சாயங்காலம் பின்சக்கரத்தில் மறுபடி மோட்டார் ஏறியது. இந்த முறை அதன் ஒயர்களை இடம் மாற்றி முறுக்கினாள் இஃப்ரா. தண்டவாளத்தை முதல் மாடி நடையில் போட வேண்டும் என்று காஷிஃப் பிடிவாதம் பிடித்தான். மஹ்விஷ் ஆன்ட்டி அங்கே கால்களை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பெட்டிகளையும் கோத்தார்கள். டில்லிபாபு கண்களை மூடிக்கொண்டான். காஷிஃப் கன்னம் உப்ப விசில் ஊதினான்.

இன்ஜின் நடுங்கவில்லை. மூன்று சிவப்புப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் மணக்க மணக்க நேராக வந்தது. ஆன்ட்டி அவசரமாக இரண்டு கால்களையும் தூக்கி வழிவிட்டார்.